நகர்வலத்துக்கு எந்தப் பழைய வண்டி?

புதுப்பித்த பழைய வண்டியில் ஊர் சுற்றிக் காட்டும் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில் மயங்கித்தான் வருகிறார்கள். மடக்குக் கூரை, பளபளக்கும் குரோம் பம்பர், வெள்ளை வளையம் போட்ட டயர். படத்துக்கு எந்தப் பழைய வண்டியும் அழகுதான். தினமும் மூன்று நடை ஓட்டிப் பார்க்கும்போதுதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியும்.

ஒரு தனி நகர்வலம் என்பது சுமார் 2 மணி நேர வேலை. 15 முதல் 25 கிலோமீட்டர், எட்டுப் பத்து இடத்தில் நிறுத்தம், நடுவே சிக்னல், நெரிசல், குறுகலான தெரு. நாளைக்கு மூன்று நடை போனால், சூடாக இருக்கும் இன்ஜினை 25 முறைக்குக் குறையாமல் அணைத்துக் கிளப்ப வேண்டும். திறந்த சாலையில் காற்று வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஓடும் இன்ஜின்கூட இந்த வேலையில் திணறும். பழைய வண்டிகளின் பேரணிக்கு ஏற்ற வண்டியும் நகர்வலத்துக்கு ஏற்ற வண்டியும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே இங்கே வண்டிகளை நான்கு விஷயங்களை வைத்து எடை போடுகிறோம்: சூட்டைத் தாங்குகிறதா, நம்பி நிறுத்த முடிகிறதா, எழுபது வயதுக்காரர் ஏறி இறங்க முடிகிறதா, உடைந்த பாகம் ஒரு வாரத்துக்குள் கையில் கிடைக்குமா. அழகு ஐந்தாவது. பேச்சில் வரும் எல்லா வண்டியும் பார்க்க அழகாகவே இருப்பதால் அதில் போட்டியே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய திறந்த கார்

இந்த வகையில் வேலைக்கு எடுக்கத் தகுந்தது ஃபோர்டு மாடல் ஏ. 1928 முதல் 1931 வரையிலான மாடல்கள். 48 லட்சத்துக்கு மேல் தயாரானதால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதற்குப் புதிய உதிரிபாகம் செய்து விற்கிறார்கள். அதே காலத்து அரிய வண்டி ஒன்றை வாங்கி, ஒரு வாட்டர் பம்ப் ஷாஃப்டுக்காக லேத் பட்டறை வாசலில் ஒரு மாதம் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதன் 3.3 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் 40 குதிரைத்திறன் தரும். அழுத்த விகிதம் 4.2 மட்டுமே என்பதால் எந்தப் பெட்ரோலையும் குடிக்கும். பெட்ரோல் டேங்க் கண்ணாடிக்கு முன்னால், உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் தானாகவே கீழிறங்கி கார்புரேட்டருக்கு வரும். ஃபூயல் பம்ப் கிடையாது, ஆகவே பம்ப் பழுதும் கிடையாது. நடந்து வருகிற ஆளைப் போல நிதானமாகப் போகும் நகர்வலத்துக்கு இந்த இன்ஜினின் இழுவை மிகப் பொருத்தம்.

சிக்கல் வேறு இடத்தில். ரேடியேட்டர் அழுத்தம் இல்லாத வகை. சூடாகிறதே என்று அழுத்த மூடி போட்டால் மேல் தொட்டியின் ஈயப் பற்று பிளந்துகொள்ளும். மூடியை மாற்றாதீர்கள், உள் குழாய்கள் அடைபடாத நல்ல ரேடியேட்டர் போடுங்கள். பிரேக் முழுக்கக் கம்பிகளால் இயங்குவது. லைனிங் தேய்ந்து பெடல் கீழே போகும்போது கம்பியின் நீளத்தைக் குறைத்துச் சரிசெய்பவர்கள் உண்டு. அது தவறு. கம்பி நீளம் மாறினால் நெம்புகோல்களின் கோணம் கெட்டு, நான்கு சக்கரமும் நான்கு விதமாகப் பிடிக்கும். சக்கரத்திலேயே இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். ஆரம்பகால இரும்புத் தகட்டு டிரம் சூட்டில் விரியும். வார்ப்பிரும்பு டிரம்முக்கு மாறினால் வித்தியாசத்தைக் காலிலேயே உணரலாம்.

கியர் பாக்ஸில் சிங்க்ரோ (கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு) இல்லை. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். கதை சொல்லிக்கொண்டே, தெருவைப் பார்த்துக்கொண்டே, இதையும் செய்யும் ஓட்டுநரைப் பழக்க ஒரு மாதமாவது ஆகும். அவர் விடுப்பு எடுத்தால் வண்டியும் விடுப்புதான். பின்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். திருமணம், பிறந்தநாள், படப்பிடிப்பு என்று தேர்ந்தெடுத்த நாட்களில் ஓட்டினால் இது நல்ல வண்டி. தினசரிப் பிழைப்புக்கு இதை முதல் வண்டியாக வாங்க வேண்டாம்.

ஐம்பதுகளின் அமெரிக்க மடக்குக் கூரை

1955, 56, 57 மாடல் செவ்ரொலே பெல் ஏர் போன்றவை. இதில் தயக்கமில்லாமல் பாராட்ட வேண்டியது தானியங்கி கியர் பாக்ஸ். இரண்டே வேகம் கொண்ட பவர்கிளைடு பழமையானதுதான், ஆனாலும் நெரிசலில் கிளட்ச் எரியும் பேச்சே இல்லை. மின்சுற்றும் 1955 முதல் 12 வோல்ட் ஆகிவிட்டதால் பேட்டரி, பல்பு, மைக் எல்லாம் எளிது.

தெருவுக்கு வருவோம். 1957 மாடலின் நீளம் 5.08 மீட்டர், அகலம் 1.88 மீட்டர். உங்கள் பாதையில் பழைய நகரத்தின் சந்துகள் இருந்தால், வாங்கும் முன் அளவுநாடாவோடு அந்தப் பாதையை நடந்து அளந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர், வாசல்படி, நிறுத்திய இருசக்கர வாகனம் எல்லாம் கழித்து 2.6 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். மடக்குக் கூரை மாடல்களுக்கு இரண்டே கதவு. பின்னிருக்கைக்குப் போகிறவர் முன்னிருக்கையின் முதுகை மடக்கி, குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். எட்டு நிறுத்தம் என்றால் எட்டு முறை இறக்கம், எட்டு முறை ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர் மூன்றாவது நிறுத்தத்திலேயே "நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். இறங்காமல் வண்டியிலிருந்தே பார்க்கும் வகையில் பாதையை அமைத்தால் மட்டுமே இந்த வண்டி சரிவரும்.

பிரேக் பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பணம் வாங்கி ஆட்களை ஏற்றும் வண்டியில் இதை அப்படியே விடவே கூடாது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க்கும் சேர்ந்த செட் இந்த மாடல்களுக்கு எளிதில் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இரண்டு குட்டிகள்

ஃபியட் 500, 1957 முதல் 1975 வரை. நீளம் 2.97 மீட்டர், அகலம் 1.32 மீட்டர். சிட்ரோயன் 2சிவி, 1948-ல் அறிமுகமாகி 1990 வரை தயாரானது, 3.83 மீட்டர் நீளம், 1.48 அகலம். இரண்டுக்கும் துணிக்கூரை, இரண்டுக்கும் காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் இன்ஜின். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் மனிதர்கள் சிரிக்கிறார்கள், கையாட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பே பாதி விளம்பரம்.

ஆனாலும் தொழிலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2சிவி. காரணம் நான்கு கதவு. முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்று மூன்று பயணிகளை மரியாதையாக உட்கார வைக்கலாம். ஃபியட்டின் பின்னிருக்கை குழந்தைகளுக்கானது. பெரியவர் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து உட்காரலாம், அவ்வளவே. இருவர் மட்டும் வரும் பயணத்துக்கும், நான்கைந்து வண்டி வரிசையாகப் போகும் ஊர்வலத்துக்கும் ஃபியட் அருமை. அதன் கியர் பாக்ஸிலும் சிங்க்ரோ இல்லை என்பதை ஓட்டுநர் பயிற்சியில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2சிவியின் குளிர்விக்கும் ஃபேன் கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பெல்ட் இல்லை, அறுவதற்கும் எதுவும் இல்லை. ஆனால் ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் கூலரில் தூசியும் இலைச் சருகும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கம்பளி போல அடைத்துக்கொள்ளும். முன்கூட்டைக் கழற்றாமல் இது கண்ணில் படாது. சீசன் தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் சூடு பிரச்சினை பாதி தீர்ந்தது. தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் இக்னிஷன் பாயிண்ட்டும் இந்த ஃபேனுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் போகும் வேலை மிச்சம். டப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, 0.20 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கு ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் கிரீஸ். இதைத் தவறவிட்டால் ஸ்டியரிங் முதலில் கனக்கும், பிறகு ஆடும், பிறகு கிங்பின் மாற்றும் செலவு வரும்.

இந்த வண்டியில் ஒரே ஒரு தவறு மட்டும் யாரும் செய்யக் கூடாது. 1981 முதல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. டிஸ்க் உள்ள வண்டிகளுக்குப் பச்சை நிற எல்எச்எம் என்ற கனிம எண்ணெய்தான் பிரேக் திரவம். டிரம் வண்டிகளுக்கு வழக்கமான டாட் வகை. பழக்கமில்லாத பட்டறையில் அளவு குறைகிறதே என்று டிஸ்க் வண்டியில் டாட் 4-ஐ ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும். அதன் பிறகு மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், பின் வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்து சீல் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தொட்டியின் மூடிமேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சேஸ் துரு இதன் பரம்பரை நோய். பழைய சேஸுக்குத் தகடு வைத்து ஒட்டிக்கொண்டே போவதைவிட, துத்தநாகப் பூச்சுக் கொடுத்த புதிய சேஸ் வாங்கி பாடியைத் தூக்கி வைப்பது முடிவில் சிக்கனம்.

ஃபோக்ஸ்வாகன் டைப் 2

குடும்பமாக வரும் ஐந்தாறு பேரை ஒரே வண்டியில் ஏற்றி, எல்லோரும் ஒரே குரலைக் கேட்க வேண்டும் என்றால் போட்டியே இல்லாமல் இதுதான். 1950-ல் தயாரிப்பு தொடங்கியது. நடுவில் பிரிந்த முன்கண்ணாடி உள்ளவை ஜெர்மனியில் 1967 வரை. ஒரே வளைந்த கண்ணாடி உள்ளவை அதன் பின் ஜெர்மனியில் 1979 வரை, பிரேசிலில் 2013 வரை. பிரிந்த கண்ணாடி வண்டிக்கு, அதிலும் கூரையோரச் சிறு ஜன்னல்களோடு வரும் சம்பாவுக்கு, விலையும் மோகமும் மிக அதிகம். ஆனால் வேலை செய்ய வேண்டியது வளைந்த கண்ணாடி வண்டி. அதிலும் 1971 மாடல் முதல் முன்னால் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உங்கள் பிரேக் காலுக்கு நன்றாகவே தெரியும்.

பிரிந்த கண்ணாடி வண்டிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பின்சக்கர மையத்தில் வேகம் குறைக்கும் கியர் பெட்டி இருப்பதால் மெதுவாக இழுத்துப் போவதில் கெட்டிக்காரன். ஏற்றம் அதிகமுள்ள ஊரில் இது கிளட்ச்சைக் காப்பாற்றும்.

கதவைக் கவனியுங்கள். பழைய மாடலில் பக்கக் கதவு இரண்டாக வெளிப்புறம் திறக்கும். நடைபாதையில் நடப்பவர்மேலும் கம்பத்தின்மேலும் இடிக்கும். பிந்தைய மாடலின் நகரும் கதவு அந்த வகையில் நல்லது. ஆனால் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வண்டி வேறு நாட்டிலிருந்து வந்ததென்றால் கதவு சாலைப் பக்கம் திறக்கலாம். அப்படி ஒரு வண்டியை நகர்வலத்துக்கு எடுக்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். ஏறும் படி உயரம், ஆகவே உறுதியான மடக்குப் படி ஒன்று செய்து வையுங்கள். நெகிழிப் பெட்டியைப் படியாகப் போடும் பழக்கம் ஆபத்து.

இனி சூடு. இந்த வண்டியின் 1.6 லிட்டர் வரையிலான, காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை. பெரிய ஃபேன் ஒன்று காற்றை இழுத்து, தகட்டுக் கூட்டுக்குள் அடைத்து, சிலிண்டர்கள் மேல் ஊதுகிறது. கூடு முழுமையாக இருந்தால்தான் இது வேலை செய்யும். புதுப்பித்த வண்டியின் பின்மூடியைத் திறந்ததும் குரோம் பூசிய பாகங்கள் மின்னும். அவற்றை விட்டுவிட்டு இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டின் விளிம்பைப் பாருங்கள். தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை சுற்றிலும் ஓட வேண்டும். அது இல்லை என்றால், கீழே சைலன்சர் கக்கும் சூடான காற்றே மேலே ஏறி, ஃபேன் வழியாகத் திரும்பவும் இன்ஜினுக்குள் போகிறது. சில மீட்டர் ரப்பர் பட்டைக்காக ஒரு இன்ஜினையே பலி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய வகை இன்ஜினில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால் மூன்றாம் சிலிண்டர் எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு. எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போவதும் அங்கேதான். 1971 மாடலில் கூலரைத் தனிப் பெட்டியில் பின்னுக்குத் தள்ளி இதைச் சரிசெய்தார்கள். இன்ஜின் ஓவர்ஹால் செய்யும்போது இந்தப் பிந்தைய ஏற்பாட்டையே போடச் சொல்லுங்கள். டப்பட் இடைவெளி 0.15 மில்லிமீட்டர், காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. ஒவ்வொரு 5000 கிலோமீட்டருக்கும் 2.5 லிட்டர் ஆயில் மாற்றம். நெரிசல் வேலைக்கு அதை 2500-க்குக் குறையுங்கள். ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் கம்பெனியில் இருந்து வரவில்லை, கட்டாயம் ஒன்று போடுங்கள். 110 டிகிரி வரை கவலையில்லை. 120-ஐத் தாண்டினால் நிழலில் நிறுத்தி, அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது சிவப்பு விளக்கு. இந்த இன்ஜினில் டைனமோவும் ஃபேனும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. சார்ஜ் விளக்கு எரிந்தால் "பேட்டரிதானே, வீடு போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் குளிர்ச்சியும் அந்த நொடியே நின்றுவிட்டது. உடனே ஓரம் கட்டுங்கள். மாற்று பெல்ட்டும் 21 மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவரும் வண்டியிலேயே இருந்தால், கப்பியின் வெட்டில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்து, நட்டைக் கழற்றி, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கட்டைவிரலால் அழுத்தும்போது பெல்ட் சுமார் 15 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும். அதைக் கூட்டவும் குறைக்கவும் கப்பியின் நடுவில் வைக்கும் வாஷர்களின் எண்ணிக்கையை மாற்ற வேண்டும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. இன்ஜின் அறைக்குள் ஓடும் பெட்ரோல் ஹோஸ் பழசாகி வெடித்து, சூடான பாகத்தின் மேல் சொட்டி, பின்பக்கம் எரிந்துபோன வண்டிகள் ஏராளம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் வேகமாக அரிக்கிறது. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ஒரு அங்குலம் விடாமல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட ஹோஸ் போடுங்கள், நல்ல கிளிப் போடுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜின் அறையில் சூடு பட்டால் தானே உடைந்து பீய்ச்சும் தீயணைப்புக் குழாய் ஒன்று. ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் 2 கிலோ தீயணைப்பான் ஒன்று.

இரட்டை அடுக்குப் பேருந்து

ஏஇசி ரூட்மாஸ்டர் போன்றவை அலுமினிய பாடி, பவர் ஸ்டியரிங், தானியங்கி கியர் என்று தொழிலுக்கென்றே பிறந்தவை. 2876 வண்டிகள் தயாராயின. ஆனால் 64 இருக்கை, 4.38 மீட்டர் உயரம். மரக்கிளையும் மின்கம்பியும் பாதையைத் தீர்மானிக்கும். பேருந்து ஓட்டும் உரிமம், பெரிய நிறுத்துமிடம், தனி மெக்கானிக் தேவை. தனி நகர்வலம் என்ற பேச்சுக்கே இது வெளியே. திருமணக் கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்ஜினை வைத்துக்கொள்வதா, மின்மோட்டாருக்கு மாறுவதா

வண்டியைத் தேர்ந்த பிறகு வரும் இரண்டாவது முடிவு இது. பெரிய வாக்குவாதமும் இங்கேதான்.

முதல் வழி, அசல் இன்ஜினை வைத்துக்கொண்டு பலவீனங்களை மட்டும் நீக்குவது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ஏனென்றால் டைனமோ ஐட்லிங்கில் கிட்டத்தட்ட சார்ஜே செய்யாது. பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு வெப்பநிலை பார்த்துத் தானே ஓடும் மின்ஃபேன், ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடும் கூட்டோடு. கூடு இல்லாத ஃபேன் நடுவட்டத்தில் மட்டுமே காற்றை இழுக்கும். ஈயம் இல்லாத பெட்ரோலில் வால்வு வந்து அமரும் சீட் தேயும் என்று, அதைக் கடினமானதாக மாற்றச் சொல்வார்கள். அந்தத் தேய்மானம் அதிக வேகத்தில், அதிகச் சுமையில்தான் தீவிரம். நகர வேகத்துக்கு அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வேறு வேலைக்குத் திறக்கும்போது சேர்த்துச் செய்யலாம். கியர் ஆயிலில் ஜிஎல்-4 என்ற தர வகையை ஊற்றுங்கள். ஜிஎல்-5-ல் உள்ள சேர்மங்கள் பழைய பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

இரண்டாவது வழி மின்மாற்றம். நகர்வலத்தின் தேவைக்கும் மின்மோட்டாரின் குணத்துக்கும் அவ்வளவு பொருத்தம். ஐட்லிங் இல்லை, சூட்டில் கிளம்பாத தொல்லை இல்லை, புகை இல்லை, சொல்கிற கதை பின்னிருக்கை வரை கேட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் அளவு வண்டி நகரத்தில் கிலோமீட்டருக்கு 0.2 முதல் 0.25 கிலோவாட் மணி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோமீட்டர் நடை மூன்றுக்கு 15 முதல் 19 கிலோவாட் மணி. கையிருப்பும் பேட்டரி வயதாவதும் சேர்த்து 25 முதல் 30 கிலோவாட் மணி பேட்டரி வேண்டும். கிலோவாட் மணிக்கு 7 கிலோ எடை என்றால் 200 கிலோ சுற்று. பழைய இன்ஜினும் டேங்கும் போனாலும் எடை கூடத்தான் செய்யும். அந்த அளவுக்கு ஒரு பயணியையாவது இழப்பீர்கள். பேட்டரியைப் பின்னால் மட்டும் அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் மிதக்கும். முன்னிருக்கைக்கு அடியிலும் பின்னாலுமாகப் பிரித்து வைக்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.

இழப்பு எங்கே என்றால், சத்தத்திலும் அடையாளத்திலும். பழைய வாகன ஆர்வலர்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐவிஏ, 30 ஆண்டுக்கு மேற்பட்டதும் வரலாற்று நிலையில் பராமரிக்கப்படுவதுமான வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது. மின்மாற்றம் செய்ததை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பதிவு, வரிச்சலுகை ஆகியவை அந்த அந்தஸ்தைச் சார்ந்திருந்தால் முதலில் அதை விசாரியுங்கள். எங்கள் முடிவு: சேஸும் பாடியும் நன்றாக இருந்து, இன்ஜின் செத்துப்போன, எண்ணிக்கையில் நிறைய உள்ள மாடல் என்றால் மின்மாற்றம் செய்யலாம். அசல் எண்ணுள்ள இன்ஜின் நன்றாக ஓடும் வண்டியை அறுக்காதீர்கள். எப்படி மாற்றினாலும் பாடியில் புதிய ஓட்டை போடாமல், கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்தி, பழையபடி திருப்பிப் பூட்டும் வகையில் செய்யுங்கள்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: புதிய சேஸில் பழையது போலக் கட்டிய நகல் வண்டி. தொந்தரவு குறைவு. ஆனால் அதை "1930-ன் கார்" என்று சொல்லிக் காசு வாங்குவது பொய். நகல் என்று விளம்பரத்திலேயே எழுதினால் யாருக்கும் வருத்தமில்லை.

காப்பீடும் இருக்கைப் பட்டையும்

பழைய வண்டிகளுக்கென்று மலிவாகக் கிடைக்கும் சேகரிப்பாளர் காப்பீடு, வாடகைக்குப் பயணிகளை ஏற்றினால் பெரும்பாலும் செல்லாது. அந்தப் பாலிசி அவ்வப்போது வெளியே எடுக்கும் வண்டிக்காக எழுதப்பட்டது. வண்டியை முடிவு செய்யும் முன்பே, மாடல், ஆண்டு, இருக்கை எண்ணிக்கை, கட்டணப் பயணம் என்பதை எழுத்தில் கொடுத்து, வணிகப் பயணிக் காப்பீடு கிடைக்குமா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் உள்ள நகரமென்றால், பழைய வண்டிக்கான விலக்கு வாடகை வண்டிக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

இருக்கைப் பட்டை வராத காலத்து வண்டிக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கலாம். இருந்தாலும் இடுப்புப் பட்டையாவது போடுங்கள். மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த பாடிகளில் மரத்தில் போல்ட் போட்டு ஏமாறாதீர்கள். சேஸ் வரை இறங்கும் தாங்கு தகடு வேண்டும். குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாத வண்டியில் கைக்குழந்தையை ஏற்ற மாட்டோம் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

வாங்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

விற்பவரிடம் "வண்டியை நான் வரும் வரை கிளப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆறிய இன்ஜினில் கிளம்பாத குறையை மறைக்கிறார் என்று அர்த்தம்.

கிளப்பி, 20 நிமிடம் தெருவில் ஓட்டுங்கள். பிறகு விளக்கெல்லாம் போட்டு 20 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சூட்டு முள் ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா? ஆல்டர்னேட்டர் போட்ட 12 வோல்ட் வண்டியென்றால் மல்டிமீட்டர் பேட்டரியில் 13.8-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். இன்ஜினை அணைத்து, சரியாக 15 நிமிடம் காத்திருந்து, திரும்பக் கிளப்புங்கள். இந்த 15 நிமிடம்தான் முக்கியம். காற்றோட்டம் நின்ற பிறகு இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் கொதிக்கும். செல்ஃப் அடித்து அடித்துக் கிளம்பாத வண்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் முன்னால் உங்கள் மானத்தை வாங்கும். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடிமனான பேக்கிங், பெட்ரோல் பைப்பை சைலன்சரிடமிருந்து விலக்கிக் கொண்டுபோவது, டேங்குக்குத் திரும்பும் பைப் ஆகியவை இதற்கு மருந்து.

இப்போதே அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிரம்மையும் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே சூடாக, பின்சக்கரம் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி கூடுதல் என்றால் பிரேக் விடாமல் உரசுகிறது. வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாததே பல நேரம் காரணம். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது.

கடைசியாகப் பாடி. பெயிண்ட் தடிமன் மீட்டரில் 100 முதல் 200 மைக்ரான் சாதாரணம். மறுபெயிண்ட் அடித்தது 300, 400 காட்டும். 1000-ஐத் தாண்டினால் அடியில் இருப்பது தகடல்ல, பட்டி. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கியபோது கதவு இடித்தால் பாடி வளைகிறது. பளபளப்புக்காக ஒரு பைசாகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. பட்டன் புதிதாக இருந்தாலும் பத்து வயதான டயரைப் பயணிகளோடு ஓட்டக் கூடாது.

எது யாருக்கு

ஒரே வண்டியில் தொடங்குகிறீர்கள், நான்கு முதல் ஆறு பேர் குடும்பங்கள் வருவார்கள் என்றால் 1971 மாடல் முதலான ஃபோக்ஸ்வாகன். சந்துகள் நிறைந்த பழைய நகரம், ஜோடிகளாக வருபவர்கள் என்றால் 2சிவி. அகலமான கடற்கரைச் சாலை, இறங்காமலே பார்க்கும் பாதை என்றால் அமெரிக்க மடக்குக் கூரை, பிரேக் மாற்றத்தோடு. மாடல் ஏ இரண்டாவது வண்டியாக வரட்டும்.

வளரும்போது வேறொரு மாடல் மேல் ஆசை வரும். அடக்கிக்கொண்டு, இருக்கும் மாடலிலேயே இன்னொன்று வாங்குங்கள். ஒரே பெல்ட், ஒரே பாயிண்ட், ஒரே கிளட்ச் கேபிள், ஒரே மெக்கானிக். ஒன்று பட்டறை மேடையில் ஏறியிருக்கும்போது மற்றொன்று முன்பதிவைக் காப்பாற்றும். வாரத்தில் ஒரு நாள் இரண்டுக்கும் ஓய்வு கொடுத்து, அன்று கிரீஸ், டப்பட், பிரேக் அளவு, ஹோஸ் எல்லாம் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த வண்டிக்கு எந்த பிரேக் திரவம் என்பது அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.